கவாத்து அலை

சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. எந்த மாதம் கொடியைக் கவாத்து செய்தாலும் நான்கு மாதத்தில் குலை பழுத்துவிடும். ஆனாலும் யாரும் தன் இஷ்டத்துக்குக் கத்தரியை எடுப்பதில்லை. வாய்க்கால் தலைப்பில் இருக்கும் பெரிய தோட்டக்காரர்தான் எப்போதும் முந்துவார். அவர் பந்தலில் கொடி வெட்டுப்பட்டு விழுந்தால் மறுநாள் பக்கத்துத் தோட்டம், அதற்கு மறுநாள் அடுத்தது. பத்து நாளில் அப்பாவின் பந்தலுக்கு வந்து சேரும்.

நான் பெரியகுளத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆய்வகத்தில் மாணவர்களுக்கு ஒரு வேடிக்கை காட்டுவேன். சில கரைசல்களைக் கலந்து கண்ணாடித் தட்டில் ஊற்றினால், சிவப்பு நீலமாகும், திரும்பச் சிவப்பாகும், மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு. ஆனால் எங்கோ ஒரு புள்ளி, ஒரு தூசி கிடந்ததால்கூட, கொஞ்சம் வேகமாகத் துடிக்கும். பக்கத்தில் இருப்பது தன் முறை வந்து மாறுவதற்குள் இதன் அலை வந்து அதை மாற்றிவிடும். வளையம் வளையமாகப் பரவி, கடைசியில் தட்டு முழுக்க அந்த ஒரு புள்ளியின் தாளம்தான். நம் இதயமும் அப்படித்தான் ஒரு மூலைக்குக் கட்டுப்பட்டு அடிக்கிறது.

இதைத் தெரிந்து வைத்திருந்த திமிரில் அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"எல்லாருக்கும் ஒண்ணாப் பழுக்குறதாலதான்ப்பா வெல விழுகுது. நீங்க ஒரு மாசம் தள்ளி வெட்டுங்க."

"படிச்ச புள்ள சொல்லுது, சரியாத்தான் இருக்கும்" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, அப்படியே செய்தார்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், கவாத்துக்கு வரும் ஆட்கள் வேறு ஊருக்குப் போயிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் கழுத்து வலிக்க வலிக்கத் தாங்களே வெட்டினார்கள். பழுத்தபோது ஊரிலேயே எங்கள் பந்தலில் மட்டும்தான் பழம். மலையில் இருந்த மைனா, கிளி, வௌவால் அத்தனைக்கும் நாங்கள்தான் விருந்து வைத்தோம். வியாபாரி போனில் கையை விரித்துவிட்டார்.

"ஒத்தத் தோட்டத்துக்கு எப்படிண்ணே லாரிய விடுறது?"

பறவை தின்றது போக மிச்சம் பந்தலிலேயே அழுகியது. தட்டைப் பார்த்த எனக்கு லாரியைப் பார்க்கத் தெரியவில்லை. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் கொடிகள் ஊரோடு ஒரு மாதம் பிசகிக் கிடந்தன. தண்ணீரை நிறுத்திக் கொடிக்கு ஓய்வு கொடுத்து அவற்றைத் திரும்பச் சேர்க்க, பெரிய தோட்டக்காரர் வெட்டும் நாள் முன்கூட்டியே தெரிய வேண்டும். அப்பாவை ஸ்கூட்டரில் அவர் தோட்டத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

"எப்ப மாமா கவாத்து வைக்கப் போறீக?" என்று அப்பா கேட்டார்.

"ஏன் மாப்ள, ஒம் மக நாள் குறிச்சுக் குடுக்கலையாக்கும்?"

அங்கே நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

"அது கெடக்கு மாமா. அதுக்கு என்னத்தத் தெரியும்."