காலியாக இருக்கும் முதல் பக்கம்

அலுவலகத்தில் தலைமை எழுத்தருக்கு ‘ஓவியர்’ என்று பட்டப்பெயர். அவர் வரைந்த படத்தை யாரும் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். வாட்டர்கலர் வாங்கினார், தாள் நெளிகிறது என்று விட்டார். கரித்துண்டு வாங்கினார், சட்டை கறுத்ததுதான் மிச்சம். அப்புறம் பேஸ்டல், அக்ரிலிக். எதை வாங்கினாலும் ஸ்கெட்ச் புத்தகத்தில் குட்டிக் குட்டிக் கட்டங்களாகப் பூசிப் பார்ப்பார். ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்து, தேதி. கோப்பு பார்த்த கை அல்லவா! முதல் பக்கத்தை மட்டும் தொடமாட்டார். அதில் மகத்தான படம் ஒன்று வரப்போகிறதாம். பதினொரு வருஷமாக வரப்போகிறது.

ஓவிய ஆசிரியரான மச்சினன், படத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான். “வாங்க மாப்ளே, ரெடியா இருக்கு” என்று இவரும் வாய் கூசாமல் சொல்லிவிட்டார். மூன்று நாள் பென்சில் சீவியே கழிந்தது.

தம்பி வருகிறான் என்று கூடத்துச் சுவருக்கு வண்ணம் அடிக்க மனைவி ஆள் வரச்சொல்லியிருந்தார். வந்த பெயிண்டர் மேசையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டினார்.

“இவ்வளவு சுத்தமான ஷேட் கார்டு நான் பார்த்ததில்ல. சார் எந்த பெயிண்ட் கம்பெனி?”

“கம்பெனி இல்லப்பா, கலைஞர்!” என்ற மனைவி ஒரு நீலக் கட்டத்தில் விரல் வைத்தார். “இதையே அடிச்சிடு.”

ஞாயிறன்று மச்சினன் வந்தான். “படம் எங்க அத்தான்?”

தலைமை எழுத்தர் நெஞ்சை நிமிர்த்திச் சுவரைக் காட்டினார்.

மச்சினன் அருகில் போய்க் குனிந்தான். சுவரின் கீழ் மூலையில் கையெழுத்தும் தேதியும் இருந்தன.