எட்டாம் எண் மெழுகுவர்த்தி

என் மேசை இழுப்பறையில் ஒரு மெழுகுவர்த்தி கிடக்கிறது. பிறந்தநாள் கேக்கின் மேல் குத்தி வைக்கும் எண் மெழுகுவர்த்தி. நீல நிறம், வெள்ளை ஓரம், எட்டு என்ற எண். பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்யும் கேக் கடையின் முன்பக்கம் இந்த மாதிரி மெழுகுவர்த்திகள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. இதையும் அங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். ஆனால் ஏதாவது தேடும்போது இது கையில் படும், எடுத்துப் பார்ப்பேன், இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். இந்த மேசை முன்பு கிராணி அக்காவுடையது.

கடையில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம், கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. கணக்கு, ஆர்டர், தொலைபேசி எல்லாம் அவர் கையில். தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவார். கேக் கடையில் அத்தனை வருடம் இருந்தும் இனிப்பைத் தொடமாட்டார். சீனியும் பாலும் இல்லாத தேநீர், தே ஓ ஒன்று போதும். ரயிலில் தமிழ்ப் பத்திரிகை படிப்பார். மற்றவர்கள் முதல் பக்கத்தில் தொடங்குவார்கள், அக்கா மரண அறிவிப்புகளில் தொடங்குவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கேலி செய்தேன். "காலங்காத்தால என்னக்கா இது, சாவுப் பக்கம்?"

"நம்ம கஸ்டமர் வீடு ஏதாச்சும் இருக்கான்னு பார்க்கணும்லா தம்பி. தெரியாம மெசேஜ் போயிருச்சுன்னா பாவம்."

அந்த மெசேஜ் என்னவென்று சொல்லிவிடுகிறேன். முதலாளி கடை வேலை முழுவதையும் மாத வாடகைக்கு எடுத்த ஒரு கிளவுட் சிஸ்டத்துக்கு மாற்றியிருந்தார். ஆர்டர், ரசீது, வாடிக்கையாளரின் பெயர், வீட்டுக் குழந்தைகளின் பிறந்தநாள் எல்லாம் அதில்தான். பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு, காலை ஏழு மணிக்கு, அது தானாகவே ஒரு செய்தி அனுப்பும். குழந்தையின் பெயரைப் போட்டு, எத்தனை வயது நிறைகிறது என்று தானே கணக்குப் பண்ணி, கேக்கை இப்போதே சொல்லி வையுங்கள் என்று முடிக்கும். வியாபாரம் அமோகமாக நடந்தது. ஆனால் ஒருவர் பிறந்த நாள் மட்டும்தான் அதற்குத் தெரியும். மற்றது தெரிந்தவர் கிராணி அக்கா. பத்திரிகையில் படம் பார்த்தாலோ, கடைக்கு வருபவர் பேச்சுவாக்கில் சொன்னாலோ, அந்தப் பெயரைச் சிஸ்டத்திலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடுவார். யாரும் சொல்லிச் செய்த வேலை இல்லை அது.

என் வேலை பேக்கப். ஒவ்வொரு நாளும் மொத்தத் தகவலுக்கும் ஒரு நகல் வேறோர் இடத்துக்குப் போகும்படி அமைத்திருந்தேன். மாதம் ஒரு நகலைத் தனியாக ஒதுக்கி வைப்பேன். அவ்வப்போது அவற்றைத் தனி இடத்தில் திறந்து பார்ப்பேன், ஏனென்றால் திறந்து பார்க்காத நகலை நம்பக் கூடாது. முதலாளி கேட்டதெல்லாம் ஒரே கேள்வி. "எதுவும் போகாதுல்ல?" போகாது பாஸ் என்றேன். அக்காவும் அதையேதான் கேட்டார், அதே பதிலைத்தான் சொன்னேன். அதற்குமேல் கேட்க ஏதாவது இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பூச்சோங்கிலிருந்து ஓர் அம்மா தன் மகனுக்கு வருடந்தோறும் எங்களிடம் கேக் வாங்குவார். ஏழாவது பிறந்தநாளுக்குப் பையனும் கூட வந்தான். லோரி கேக் வேண்டும், நம்பர் பிளேட்டில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னான். எத்தனை டயர் என்று அக்கா கேட்க, இது தெரியாதா என்பதுபோல் அவரைப் பார்த்தான். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சில மாதம் கழித்து ஒரு காலை அக்கா வந்ததும் பத்திரிகையை என் முன்னால் விரித்து வைத்தார். அவன் படம். டெங்கிக் காய்ச்சல். பிறந்தநாளன்று எடுத்த போட்டோவிலிருந்து வெட்டியிருந்தார்கள். கீழ் ஓரத்தில் எங்கள் லோரி கேக்கின் கூரை கொஞ்சம் தெரிந்தது.

அக்கா அன்றே லீவு சொல்லிவிட்டுப் பூச்சோங்குக்குப் போனார். திரும்பி வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க கடையிலருந்து அந்த மெசேஜ் வருமே, அது மட்டும் வேணாம்க்கா" என்றாராம். "வராதும்மா. நான் இருக்கிற வரைக்கும் வராது" என்று அக்கா வாக்குக் கொடுத்தாராம். உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவன் பெயரை எடுத்தார். சரியாகப் போய்விட்டதா என்று என்னையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். போயிருந்தது.

அந்த வருடக் கடைசியில்தான் சிஸ்டத்தில் கோளாறு இருப்பது தெரிந்தது. பல மாதங்களுக்கு முன்பு, அந்தப் பையன் நன்றாக இருந்த காலத்தில், வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் அதைப் புதுப்பித்திருந்தது. அப்போது பிறந்தநாள்கள் ஒரு வரி நகர்ந்து, ஒருவருடையது அடுத்தவர் பெயரில் ஏறத் தொடங்கியிருக்கிறது. முதலில் சிலருக்கு, பிறகு பலருக்கு. அதற்குப் பிறகு எடுத்த நகல் எல்லாவற்றிலும் அதே குழப்பம். புதுப்பித்தலுக்கு முந்தைய மாத நகல் ஒன்றுதான் சுத்தமாக இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்தோம். இடைப்பட்ட மாதங்களின் புது ஆர்டர்களை ரசீதுகளைப் பார்த்து அக்காவே உட்கார்ந்து மறுபடி ஏற்றினார். எல்லாம் கூடி வந்தது. முதலாளி எங்களுக்கு வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

சேர்த்ததற்கெல்லாம் ரசீது இருந்தது. எடுத்ததற்கு எதுவும் இல்லை. அக்கா எடுத்த பெயர்கள் அத்தனையும் அந்தப் பழைய நகலோடு வந்து உட்கார்ந்துகொண்டன. எடுத்தது எடுத்ததுதான் என்று அவர் நம்பினார், நானும் அப்படித்தான்.

பிறகு ஒரு காலை, அக்கா ரயிலில் மரண அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தச் செய்தி போய்விட்டது. கடைக்கு வந்து அன்று போனவற்றைத் திறந்தவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பையன் பெயர். எட்டு வயது நிறைகிறது. பக்கத்தில் படித்துவிட்டதற்கான நீலக் குறி.

"தம்பி, நான் எடுத்தேன்லா? நான்தானே எடுத்தேன்?"

"எடுத்தீங்கக்கா. இது அதுக்கு முந்தின பேக்கப்."

"திரும்ப வாங்க முடியாதா?"

முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நிறுவனத்துக்கு அழைத்துக் கேட்டேன், அவர்களும் அதையேதான் சொன்னார்கள். எனக்குக் கோபம் பொங்கியது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நகல் நன்றாக இருந்தது, சிஸ்டம் சொன்னதைச் செய்தது, அக்கா தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தார். முதலாளி செய்திகளை மொத்தமாக நிறுத்தச் சொன்னார். அக்கா நினைவில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக மறுபடி எடுக்க ஆரம்பித்தார். நடுவில் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஞாபகம் வராதவங்கள என்ன பண்றது தம்பி?"

அந்த அம்மாவுக்கு அழைத்தார், எடுக்கவில்லை. அன்று மாலை அவரே வந்தார். கத்துவார் என்று நினைத்தோம். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா எழுந்து ஓடிப்போய், "மன்னிச்சிரும்மா, நான் சொன்ன சொல்லு…" என்று தொடங்கியதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கைபேசியை நீட்டினார்.

"எட்டுன்னு போட்டிருக்குக்கா. அவன நான் ஏழுலயே வெச்சிருந்தேன். எனக்குத் தோணவே இல்ல, எட்டு ஆகியிருப்பான்னு."

முன்பக்கத் தட்டிலிருந்த எண் மெழுகுவர்த்திகளைப் பார்த்தார். நீல எட்டு ஒன்றை எடுத்தார். காசு வேண்டாம் என்று அக்கா கையை ஆட்டினார். கைப்பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார். திரும்பி வந்து, அதை எடுத்து அக்காவின் மேசைமேல் வைத்தார். "வீட்ல வெச்சா அவங்கப்பா பார்த்துருவாரு" என்றார். பிறகு போய்விட்டார். சாலையைக் கடந்து ரயில் நிலையத்துப் பக்கம் நடப்பதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றோம். கூட நடந்துபோகக்கூட எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா அந்த மெழுகுவர்த்தியை விற்கவில்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. தீபாவளி ஆர்டர்கள் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு ரவாங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். கால் வலி என்று சொன்னார். பெயரும் வயதும் இல்லாத பொதுவான வாழ்த்து ஒன்றை முதலாளி இப்போது அனுப்புகிறார். யாருக்கு வேண்டுமானாலும் போகலாம், யாரையும் எதுவும் செய்யாது.

அந்தப் பழைய நகலை மட்டும் அவர் அழிக்க விடவில்லை. "நம்மளக் காப்பாத்துன பேக்கப் அது" என்கிறார். அதிலிருந்து ஒரே ஒரு பெயரை எடுக்க முடியுமா என்று நிறுவனத்தில் கேட்டேன். வைத்தால் முழுதாக வைக்கலாம், அழித்தால் முழுதாக அழிக்கலாம் என்றார்கள். ஆகவே அது இருக்கிறது. அதையும் இடையிடையே திறந்து சரிபார்ப்பது என் வேலை. தனி இடத்தில் திறப்பதால் அங்கிருந்து யாருக்கும் செய்தி போகாது. பையன் பெயர், லோரி கேக், அம்மாவின் எண், எல்லாம் வரும். இன்றைய தேதிக்கு வயதைக் கணக்குப் பண்ணி அது காட்டும்.

இன்று காலையும் திறந்தேன். மற்றவற்றைப் பார்க்கும் முன்பு அவன் பெயரை எடுத்துவிட்டேன். எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். சோதனை முடிந்ததும் திறந்து பார்த்த பிரதி மொத்தமும் அழிந்துவிடும், நான் செய்த நீக்கமும் அதோடு போய்விடும், மூல நகலில் அவன் அப்படியே இருப்பான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இழுப்பறையைத் திறந்தேன், எட்டு அப்படியே கிடந்தது. பெயரை எடுக்கும் முன் திரையில் அவனுக்குப் பதினொன்று. அடுத்த வருடம் திறக்கும்போது பன்னிரண்டாகியிருக்கும்.