ஒரு கோடு குறைந்த பெயர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. நடந்தது துவிக்கு. ஹனோயில் எங்கள் பதிப்பகத்தில் என் எதிர்மேசைக்காரி. அவளுக்குப் பொய் சொல்ல வராது. விடுப்புக் கேட்கும்போதுகூட உண்மைக் காரணத்தைச் சொல்லி மாட்டிக்கொள்வாள்.

அவள் வேலை பிழை திருத்துவது. வியட்நாமிய எழுத்தின் மேலும் கீழும் போடுகிற கோடுகள்தான் அவளுக்குச் சோறு போட்டன. ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமல் நாம் திண்டாடுகிறோமே, அங்கே கோடு விட்டுப்போனாலும் அதே திண்டாட்டம்தான். கோட்டைப் பொறுத்துக் குரல் ஏறும் இறங்கும், சொல்லே வேறாகிவிடும். அவள் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும் கோடு போட்டால் இறங்குகுரலில் துவி. அது இவள். ஏறும் கோடு போட்டால் ஏறுகுரலில் துவி. அது வேறொருத்தி. ஊரார் கோட்டையெல்லாம் திருத்துகிறவள், தன் பெயருக்கு மட்டும் போடமாட்டாள். சோம்பல்.

அது ஜூன் மாதம். எழுத்தாளர்களுக்கென்றே இருக்கும் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனாள். போரில் இறந்த ஒரு பெண் கவிஞரின் தட்டச்சுப் பிரதியை நகலெடுக்க வேண்டும். கவிஞரின் பெயரும் இவளைப் போலவே இறங்குகுரல் துவி. வாசலில் காவலர் தோவான் பதிவேட்டை நீட்ட, வழக்கம்போல் கோடில்லாமல் கிறுக்கினாள். பையைத் தன் அறையிலிருந்த பெட்டகத்தில் வைக்கச் சொன்னார். கைபேசியும், இழுப்பு வந்தால் அடித்துக்கொள்ளும் இன்ஹேலரும் பையோடு போயின.

"பதினொன்றரைக்குப் பூட்டிருவேன்மா. சாப்பிட்டுப் படுத்தா ஒன்றரை வரைக்கும் இடியே விழுந்தாலும் எந்திரிக்கமாட்டேன்."

"விழுந்தா நானே எழுப்புறேன், பெரியப்பா."

மாடிக்கூடத்தில் யாரும் இல்லை. கண்ணாடிப் பேழைக்குள் ஒரு தட்டச்சுப் பொறி. பக்கத்தில் மெல்லிய தாள்கள். அந்தப் பொறியில் கோடுகள் கிடையாது. கவிஞர் அடித்து முடித்தபின் பேனாவால் போட்டிருந்தார். கடைசித் தாளில் மட்டும் ஒரு கோடும் இல்லை.

11:30. கீழே தோவான் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார்.

"துவி!"

ஏறுகுரலில் கூப்பிட்டார். யாரையோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள். பிறகுதான் உறைத்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள்...

"நான் வெளியதான் இருக்கேன், பெரியப்பா."

முற்றத்திலிருந்து வந்தது அந்தக் குரல். அவளுடைய குரல்.

11:31. கீழ்க்கதவு பூட்டும் சத்தம்.

அவள் ஓடினாள். மாடிப்படிக் கதவும் பூட்டியிருந்தது. கத்தினாள். முற்றத்துக்கு அந்தப்பக்கம் காவலர் அறையில் மின்விசிறி கடகடத்தது. ஜன்னல்களெல்லாம் திறக்க முடியாத கண்ணாடி. ஏசியும் நின்றுவிட்டது.

11:44. நெஞ்சில் விசில் ஆரம்பித்தது. இன்ஹேலர் இல்லாமல் அரை மணி தாங்கும். அதற்கு மேல் தாங்காது என்பது அவளுக்குத் தெரியும்.

கதவைத் தட்டினாள். மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தி, இன்னும் மூன்று.

கை ஓய்ந்து நிறுத்தினாள்.

தட்டுவது நிற்கவில்லை.

டக்... டக்... டக்...

பேழைப் பக்கம்.

12:00. வாயில் செங்கல் தூள் ருசித்தது. நெஞ்சு விசிலடித்தது. மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

விசில் நிற்கவில்லை...

இன்னொருத்தி மூச்சு.

மிக அருகில்.

12:09க்குக் கதவு திறந்தது. தோவான் நின்றார். கையில் அவள் பை. படுத்த பிறகு பெட்டகத்தில் பை இருப்பது கண்ணில் பட்டதாம். ஆள் வெளியே போனால் பை எப்படி உள்ளே இருக்கும் என்று வந்திருக்கிறார். அவள் மருந்தை இழுத்து, தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"நீதானம்மா வெளிய இருக்கேன்னு சொன்னே?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பதிவேட்டை விரித்தும் காட்டினார். அவள் பெயர்மேல் ஏறும் கோடு ஒன்று இருந்தது. மை இல்லை. செங்கல் தூள்.

மூன்று வாரம் கழித்து, பதிப்பு அனுமதி வாங்கக் கவிஞரின் தம்பி வீட்டுக்கு நானும் அவளும் போனோம். அருங்காட்சியகத்தில் நடந்ததை நாங்கள் சொல்லவில்லை. அவராகவே பேசினார். குண்டு விழுந்து, கவிஞர் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தின் செங்கல் பதுங்குகுழி மூடிக்கொண்டதாம். காலை பதினொன்றரை இருக்கும். யார் யார் உள்ளே மாட்டினார்கள் என்று பார்க்க, தட்டச்சில் அடித்த ஆள்பட்டியலை வைத்துப் பெயர் கூப்பிட்டிருக்கிறார்கள். அதில் கவிஞரின் பெயருக்குக் கோடில்லை. ஏறுகுரலில் வாசித்துவிட்டார்கள்.

"வெளியதான் இருக்கேன்னு ஒரு பொண்ணு குரல் குடுத்துச்சு. டிக் போட்டுட்டுத் தோண்டுறத நிறுத்திட்டாங்க. அக்கா உள்ள ராத்திரி வரைக்கும் உயிரோட இருந்திருக்கா. தட்டித் தட்டி விரலெல்லாம் போயிருந்துச்சு."

அங்கே ஏறுகுரல் துவி ஒருத்தி வேலை பார்த்தாளா என்று என் தோழி கேட்டாள்.

"பார்த்தா. அவதான் பதில் சொன்னான்னு முப்பது வருஷம் அவளத் திட்டினோம்," என்றார் அவர். "அப்புறம்தான் தெரிஞ்சது. அன்னைக்கு அவ ஊர்லயே இல்ல."