ஜோன்சனின் பெயரில் ஒரு துண்டு

மாதத்தின் கடைசி ஞாயிறு என்றாலே அந்தோனிதாசன் சுவாமிக்குப் பயம். டென்மார்க்கில், ரண்டர்ஸிலிருந்து ஹேர்னிங்குக்குத் தமிழ்ப் பூசை வைக்கக் காரில் போகும் வழியெல்லாம், அங்கே பூசைக்கு வரும் புஸ்பராணியின் துண்டுதான் நினைவில் நிற்கும். பூசையில் யாருக்காக, எதற்காக மன்றாடவேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் காகிதத் துண்டு. பன்னிரண்டு வருடமாக அதில் ஒரே வரி: 'மகன் ஜோன்சனின் சுகத்துக்காக.' போரில் காணாமற்போனவன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று அவள் நம்பினாள். சுவாமியும் அதை மைக்கில் வாசித்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல நின்றார்.

போர்க்காலத்தில் இலங்கையின் கிழக்கில் ஓர் இராணுவ முகாமுக்குள் போய், கத்தோலிக்கச் சிப்பாய்களுக்குப் பூசை வைத்தவர் அவர். சம்பளமும் கிடையாது, பாதுகாப்பும் கிடையாது. வாசலில் அங்கியைத் தடவிச் சோதிப்பார்கள். நற்கருணைப் பெட்டியையும் திறந்து கிளறுவார்கள். வெளியே வந்தால், ஆமிக்கு வால்பிடிக்கிறவர் என்று சொந்தச் சனமே முகத்தைத் திருப்பும். உள்ளே விட ஒரே நிபந்தனை: கண்டதை வெளியே மூச்சுவிடக் கூடாது.

ஒருநாள் பூசை முடிந்து வரும்போது, கைதி அறையொன்றின் கம்பிக் கதவுக்குள்ளிருந்து நன்மை அப்பம் கேட்டு ஒரு கை நீண்டது. பத்தொன்பது வயதிருக்கும். புஸ்பராணியின் மகன் ஜோன்சன் என்று சொல்லி, ஊரையும் சொன்னான். மிஞ்சியிருந்த ஓர் அப்பத்தைச் சுவாமி அந்தக் கையில் வைத்தார். அடுத்த கிழமை அந்த அறை வெறுமையாய்க் கிடந்தது. எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் இனி வாசல் திறக்காது என்ற பயம்.

போரும் முடிந்தது, சுவாமிக்கு டெனிஷ் கடவுச்சீட்டும் கிடைத்தாயிற்று. வாய்ப்பூட்டு மட்டும் கழலவில்லை. ஹேர்னிங்கில் புஸ்பராணியை முதன்முதல் கண்டபோதே சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் கேட்கவில்லை என்பதையும் சொல்லவேண்டுமே. மனுசன் கோழை, வேறென்ன.

போன மாதம் பூசை முடிந்ததும் அவள் மகனின் பெரிய படமொன்றை மந்திரித்து ஆசீர் வாங்கக் கொண்டுவந்தாள்.

"ஊருக்குப் போறன் சுவாமி. இவனைத் தேடித்தான்."

எழுபத்தெட்டு வயது. நடக்கவே கைத்தடி வேண்டும். ஆசீர் கொடுக்கச் சுவாமிக்குக் கை எழவில்லை. வாங்குப் பலகையில் அவளை இருத்தி எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை. படத்தைப் பைக்குள் வைத்தாள்.

"நீங்கள் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களோ?"

"தெரியாதம்மா. நான் கேக்கேல்லை."

இந்த மாதம் அவள் ஊருக்குப் போகவில்லை. பூசைக்கு வந்திருந்தாள், துண்டும் வந்தது. மைக்கின் முன் நின்று சுவாமி அதை விரித்தார். 'ஜோன்சன்' என்று பெயர் மட்டும் இருந்தது. சுகத்துக்காகவா, செத்தவர்களுக்குக் கேட்கும் ஆன்ம இளைப்பாற்றிக்காகவா என்று எழுதவில்லை. முன்வரிசையிலிருந்து அவள் சுவாமியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.