கிள்ளானைக் காக்கும் மூன்று பீரங்கிகள்

1. இறங்காத கைகாட்டி

எங்கள் படை கிள்ளான் ஆற்று ரயில் பாலத்தை நெருங்கியபோது, பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்ற சிக்னல் கைகாட்டி இறங்கவில்லை; இறங்காவிட்டால் சிவப்பு, வண்டி போகக் கூடாது. எங்கள் சண்டை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்.

நிஜச் சண்டை அல்ல, ஒத்திகை. ரப்பர் விலை தரைக்கு வந்து, ரயில்வேயில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த சமயம் அது. எதிரி கடல் வழியாக வந்து போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவனை ஆற்றைத் தாண்டவிடாமல் தடுக்க வேண்டும். எதிரியாக நடித்தவர்கள் ரப்பர் தோட்டத்துத் துரைமார். தடுக்க வேண்டியவர்கள் நாங்கள், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே ஆட்களைக் கொண்டு திரட்டிய தொண்டர் படை. வாரம் முழுக்க ஃபிட்டர், பாயிண்ட்ஸ்மேன், டிக்கெட் கிளார்க், விளக்குத் துடைக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிப்பாய். எங்கள் டிராஃபிக் சூப்பிரண்டெண்ட் துரைதான் கேப்டன். வெள்ளைத் தொப்பி போட்டால் சூப்பிரண்டெண்ட், காக்கித் தொப்பி போட்டால் கேப்டன்.

ஆயுதத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முன்வரிசைக்குத் துப்பாக்கி. பின்வரிசைக்கு அதே நீளத்தில் அறுத்த மரக்கட்டை. சிக்கன காலமாதலால் சத்தம் மட்டும் போடும் வெற்றுத் தோட்டாகூடக் கிடையாது. குறி பார்த்து, வாயால் "டுமீல்" என்று சொல்ல வேண்டும். பீரங்கிக்கு வாய் போதாது என்று மஞ்சள் கொடி வைத்திருந்தார்கள். கொடி பிடித்தவன் நிற்கிற இடத்தில் பீரங்கி நிற்கிறது என்று அர்த்தம். சுட்டவன் யார், செத்தவன் யார் என்று தீர்ப்புச் சொல்ல, கையில் வெள்ளைப் பட்டி கட்டிய அம்பயர் துரை ஒருவர். நான் "டுமீல்" சொன்னால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். அதற்காகவே அம்பயர் என்னை அடிக்கடி சாகடித்துவிடுவார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அப்போது ஆக்டிங் கார்டு, அதாவது இன்னும் நிரந்தரமாகாத கார்டு. ஆக்டிங் ஆட்களைத்தான் முதலில் குறைத்தார்கள். குறைக்கப்பட்டவன் கையில் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நிரந்தரமாகிவிட்டால் பிரிக்ஃபீல்ட்ஸில் குவார்ட்டர்ஸ். அதுவரைக்கும் நானும் மனைவி மக்களும் மச்சான் வீட்டுப் பின்னறையில் அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிய மாம்பழம் மாதிரி கிடந்தோம். ஒத்திகைக்கு முன்பு துரை என்னைக் கூப்பிட்டார். துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும். மரியாதை மட்டும் வராது.

"பாலம் நம்ம கையிலே இருந்தா உன் கன்ஃபர்மேஷன் உன் கையிலே. புரியுதா?"

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி செல்லம்மா சட்டியைக் கழுவிக்கொண்டே, "நீங்க பாலத்தைப் புடிக்கலேன்னா நான் பொட்டியப் புடிக்கணும், அவ்வளவுதானே? எதுக்கும் பொட்டிய வெயில்ல காயவைக்கிறேன்" என்றாள். என்மேல் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

ஜல்லி ஏற்றுகிற பல்லாஸ்ட் வண்டியில் மணல் மூட்டை அடுக்கிக் காலையில் புறப்பட்டோம். என்ஜின் டிரைவர் மாரிமுத்து அண்ணன். கார்டு நான். பாலம் கண்ணுக்குத் தெரிந்தது. பாலத்தில் எதிரி யாரும் இல்லை. கைகாட்டி மட்டும் இறங்காமல் விறைத்துக்கொண்டு நின்றது. மாரிமுத்து அண்ணன் பிரேக் போட்டார்.

துரை இறங்கி ஓடிவந்தார். "ஏன் நிக்குது?"

"கைகாட்டி எறங்கலைங்க துரை" என்றார் மாரிமுத்து அண்ணன்.

"அது எதிரி செஞ்ச வேலை. கிள்ளான் ஸ்டேஷனைப் பிடிச்சிட்டான். நீ போ!"

"போகலாங்க துரை. ஆனா சிவப்பத் தாண்டுனான்னு போன மாசந்தானே சின்னப்பன டிஸ்மிஸ் பண்ணீங்க? அவன் இப்பக் கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டு இருப்பான்."

"இது சண்டை!"

"சண்டைதாங்க துரை. வண்டி ரயில்வே வண்டியாச்சே. இப்பப் போன்னு சொல்றது கேப்டனா, சூப்பிரண்டெண்டா?"

"கேப்டன்!"

"அப்ப சூப்பிரண்டெண்ட் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்துட்டா ஒரே மூச்சுல தாண்டிருவேன்."

துரை பென்சிலை எடுத்தார். கைகாட்டியைப் பார்த்தார். மாரிமுத்து அண்ணனைப் பார்த்தார். துரைக்கு மேலேயும் ஒரு பெரிய துரை உண்டு. பென்சில் மறுபடி பைக்குள் போனது. எங்கள் எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. எதிரி எங்களைச் சுட்டால் "டுமீல்" என்பான், அவ்வளவுதான். சிவப்பைத் தாண்டினால் நிஜமாகவே செத்தோம்.

2. விதிப்படி வைத்த வெடி

ரயில்வே வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஸ்டேஷனுக்கு வெளியே வண்டி நின்றுவிட்டால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. சிவப்புக் கொடியோடு வந்த வழியே பின்னால் நடந்துபோய், தண்டவாளத்தின் மேல் டெட்டனேட்டர்களைப் பொருத்திவிட்டு வர வேண்டும். வாய்வழக்கில் நாங்கள் பட்டாசு என்போம். தெரியாமல் இன்னொரு வண்டி பின்னால் வந்தால், சக்கரம் அதன்மேல் ஏறியதும் பெரிதாக வெடிக்கும். டிரைவர் உஷாராகி நிறுத்துவார்.

சண்டை என்றாலும் விதி விதிதானே. நான் பின்னால் போய், வளைவுக்கு அப்பால் மூன்று பட்டாசுகளை இடைவெளி விட்டுப் பொருத்தினேன். துரையின் விசில் கேட்டதும் திரும்பி வந்துவிட்டேன். கூப்பிட்டால் பட்டாசை அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்பதும் விதிதான்.

வண்டி போகாவிட்டால் போகட்டும், நடந்தே போய்ப் பாலத்தைப் பிடிப்போம் என்று துரை முடிவு செய்திருந்தார். எல்லாரும் இறங்கி, லாலாங் புல்லுக்குள் குனிந்து குனிந்து முன்னேறினோம். எனக்கும் ஒரு மரக்கட்டை கிடைத்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் துரைமார் படை மர நிழலில் துணி விரித்துக் காலைச் சாப்பாட்டில் இருந்தது. அவர்களுடைய சமையல்காரர்கள் கூடைகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். காவலுக்கு ஒருவர்கூட இல்லை. இன்னும் சற்று தூரம் போயிருந்தால் பாலம் எங்களுடையது. குவார்ட்டர்ஸ் என்னுடையது. எந்த அறையில் எந்தப் பாயை விரிப்பது என்றுகூட மனதுக்குள் யோசித்துவிட்டேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து கேட்டது. படார்! படார்! படார்!

ஞாயிறுதோறும் வாயால் "டுமீல்" சொல்லிச் சொல்லிப் பழகிய காதுகள் எங்களுடையவை. இப்படி ஒரு நிஜச் சத்தத்தை அந்தப் படை கேட்டதே இல்லை. அது நான் வைத்த பட்டாசு என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் என் பெயரைக் கேட்டிருந்தால்கூடத் தெரிந்திருக்காது.

"பீரங்கி! பின்னாடி பீரங்கி!" என்று கத்தியது நான்தான். கட்டையை வீசிவிட்டு ஓடினேன். சத்தம் பின்னாலிருந்து வந்ததால் முன்னால் ஓடினேன். படை முழுக்க என்னோடு ஓடியது. துரையும்தான். முதலில் ஓடத் தொடங்கியவன் நான், முதலில் போய்ச் சேர்ந்தவர் துரை. அவருக்குக் கால் நீளம்.

பாலத்தின் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு இடையே ஆறு தெரியும். மற்ற நாளில் அதைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். அன்றைக்கு இடையில் கட்டை இருந்ததா, நான் காற்றில் ஓடினேனா, எதுவும் நினைவில்லை. அந்தக் கரையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த துரைமாரின் நடுவே போய் விழுந்தோம். அம்பயர் ஓடிவந்து, "இது அட்டாக்கா?" என்று கேட்டார்.

எனக்கு மூச்சு வாங்கியது. "இல்லீங்க துரை. சரண்டர்."

கொஞ்ச நேரத்தில் பாலத்தின் மேல் தடதடவென்று எங்கள் மோட்டார் டிராலி வந்தது. ஆட்களும் சோற்று அண்டாக்களுமாகப் பாரம் ஏற்றிக்கொண்டு எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த டிராலி. பட்டாசின்மேல் ஏறியது அதுதான். நின்ற வண்டியைப் பார்த்ததும் டிராலியைத் தூக்கி, வண்டியைச் சுற்றி எடுத்துவந்து, முன்னால் தண்டவாளத்தில் மறுபடி வைத்திருக்கிறார்கள். சமையல் ராமையா குதித்து இறங்கினார்.

"எந்தப் பாவிடா தண்டவாளத்துல பட்டாசு வச்சது? ரசம் பாதி என் மடியில லா!"

தோற்ற படையின் உணவு ஜெயித்த படைக்குச் சேரும் என்று அம்பயர் தீர்ப்புச் சொன்னார். எங்கள் கோழிக் குழம்பைத் துரைமார் மிளகாய்க் காரத்தில் மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு அன்றைக்கு ஏற்பட்ட சேதம் அது ஒன்றுதான்.

3. விசாரணை

மறுநாள் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். வீட்டில் செல்லம்மா பெட்டியை ஏற்கெனவே உள்ளே எடுத்து வைத்திருந்தாள். "பீரங்கியாம். எலி ஓடுனாலே கட்டில்மேல ஏறுற ஆளு. போய் வாங்க. நாகப்பட்டினத்துல எங்க சித்தி வீடு இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு என் காலில் ஷூ சரியாக ஏறவில்லை.

துரை அறைக்கு வெளியே தலைமைக் கிளார்க் கனகசபை என் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "இஞ்சை பாரும். துரை கேட்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லும். கூடக் கதையாதையும்" என்றார்.

உள்ளே மேசையின்மேல் வெள்ளைத் தொப்பியும் காக்கித் தொப்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இன்றைக்கு எது பேசப்போகிறது என்று தெரியவில்லை.

"நேத்து பின்னாலே என்ன சத்தம்?"

"பட்டாசுங்க துரை. நான் வச்ச பட்டாசு. விதிப்படி வச்சேன்."

வாசலில் நின்ற கனகசபை பலமாக இருமினார்.

"நல்லா யோசி" என்றார் துரை. "பட்டாசுன்னா, தன் வண்டியை அநாதையா விட்டுட்டு ஓடின கார்டு நீ. சூப்பிரண்டெண்ட் உன்னை டிஸ்மிஸ் பண்ணணும். பீரங்கின்னா, குண்டு விழும்போது கேப்டனோட சேர்ந்து ஒழுங்காப் பின்வாங்கின சிப்பாய் நீ. இப்பச் சொல்லு. என்ன சத்தம்?"

நாங்கள் வாங்கியது பின் அல்ல, முன். அதைத் திருத்த நான் யார்? அவரும் ஓடியவர்தான், அவருக்கும் ஒரு சத்தம் தேவைப்பட்டது என்பது என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

"எத்தனை அங்குலப் பீரங்கின்னு சொல்லட்டுங்க துரை?"

துரை முதல் தடவையாகச் சிரித்தார். "அதை நான் எழுதிக்கிறேன்."

எழுதினார். எதிரியின் மூன்று பீரங்கிகள் எங்களைப் பின்புறமிருந்து தாக்கியதாகப் படைத் தலைமையகத்துக்கு அறிக்கை போனது. தோட்டத்துத் துரைமாரைக் கேட்டார்கள். உங்களிடம் பீரங்கி இருந்ததா என்று கேட்டால் எந்தப் படைதான் இல்லை என்று சொல்லும்? ஆமாம், திறமையாக மறைத்து வைத்திருந்தோம் என்றார்கள். அவர்களுக்கு வெள்ளிக் கோப்பை. எங்களுக்குப் பாராட்டு. எனக்குக் கன்ஃபர்மேஷன்.

4. எண்ணெய்

குவார்ட்டர்ஸுக்குக் குடிபோய், செல்லம்மா பின்பக்கம் கறிவேப்பிலைக் கன்று நட்டு, அது துளிர்த்தும்விட்டது. அப்போது துரை மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை முகம் சரியில்லை. கிள்ளானுக்கு நிஜமாகவே பீரங்கி வேண்டும் என்று தலைமையகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார். நல்ல மனுஷர், உண்மையிலேயே கவலைப்பட்டிருக்கிறார். கிள்ளானில் ஏற்கெனவே மூன்று இருக்கிறதே, நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்று பதில் வந்துவிட்டது.

"அன்னைக்கு நீ கேட்டது பட்டாசுதானே? எழுதிக் கொடு. நான் அனுப்பிடறேன்."

என் கண்ணுக்குள் கறிவேப்பிலைக் கன்று வந்து நின்றது.

"இல்லீங்க துரை. பீரங்கி."

"உண்மையைச் சொல்லு, மேன்!"

"துரை, பட்டாசுன்னா நான் வண்டியை விட்டுட்டு ஓடுன கார்டு. குவார்ட்டர்ஸ் போயிரும். எனக்கு முன்னாடி பாலத்தைத் தாண்டுனது யாருன்னும் கேப்பாங்க."

துரை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "சரி, போ" என்றார் துரை.

ஆக, பீரங்கிகள் நிலைத்துவிட்டன. நிலைத்த பீரங்கிக்குப் பராமரிப்பு வேண்டாமா? மாதந்தோறும் எங்கள் ஸ்டோருக்கு டின் டின்னாகப் பீரங்கி எண்ணெய் வரத் தொடங்கியது. துடைக்கத் துணியும் வருகிறது. திருப்பி அனுப்பினால் எதற்கு என்று கேள்வி வரும் என்று கனகசபையே எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறார்.

ஜப்பான்காரன் சீனாவில் ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு வருகிறான் என்று இப்போது பத்திரிகையில் போடுகிறார்கள். படையில் சேரலாமா அண்ணே என்று ரயில்வே பையன்கள் வந்து கேட்கிறார்கள். சேருங்கள், தம்பிகளே. காக்கி உங்களுக்கு எடுப்பாக இருக்கும். நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். தோற்றுப்போவது பெரிய விஷயம் அல்ல. ஓடுவதும் அல்ல, எல்லாருக்கும் கால் இருக்கிறது. எதற்காக ஓடினோம் என்பதை மட்டும் ஓடியவர்களே உட்கார்ந்து எழுதக் கூடாது. எழுதினால் அடுத்த சண்டையிலும் அதே கால்கள்தான் துணை.

வாரத்தில் பல நாள் என் வண்டி அந்தப் பாலத்தைத் தாண்டிப் போகிறது. கார்டு உட்காரும் பிரேக் வேனிலிருந்து ஆற்றங்கரையைப் பார்த்துக்கொண்டே போவேன். லாலாங் புல் ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. ஒரு மஞ்சள் கொடிகூட இல்லை. தலைமையக வரைபடத்தில் அந்த இடத்தில் மூன்று சிவப்புப் புள்ளிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். சரி, நமக்கென்ன என்று வீட்டுக்கு வருவேன். பிரிக்ஃபீல்ட்ஸிலேயே கிறீச்சிடாத கதவு என் குவார்ட்டர்ஸ் கதவுதான்.