டிஸ்க்கை நக்கிய பூனை

எண்பதுகளில், எனக்குத் தெரிந்து, பழவேற்காட்டில் டிஸ்க் பிரேக் வைத்த மோட்டார் சைக்கிள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் மனைவியின் அண்ணனுடையது. கப்பலில் வேலை பார்த்தவர், ஜப்பான் வண்டியாக இறக்கிக்கொண்டு வந்தார். ஒரு வருடம் ஓடுவதற்குள் முன் பிரேக் செத்துப்போனது. பிரேக் பிடியை அழுத்தினால் கல் மாதிரி நிற்கும், சக்கரம் அது பாட்டுக்குச் சுற்றும். இரண்டு மெக்கானிக்குகள் வந்து பிரேக் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுப் போனார்கள். கழற்றிப் பார்க்கத் துப்பில்லாதவர்கள்.

மச்சான் சனிக்கிழமை கப்பலுக்குத் திரும்ப வேண்டும். வண்டியை விலைக்கு வாங்கிப்போக மெட்ராஸ் தரகர் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. நான் படகு எஞ்சின் பார்க்கிறவன். நான் சரிசெய்கிறேன் என்றேன். தெருவே கேட்கச் சிரித்தார்.

"நீ பாத்த எஞ்சினு பாதி ஏரியில நின்னு கீது மாப்ளே. வெள்ளிக்கிழமை தொழுகைக்குள்ள இத்தப் புடிக்க வெச்சிடு, வண்டி உன்னுது."

அந்த வண்டி மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னார்.

திங்கட்கிழமை வண்டியை எங்கள் வாசலுக்குத் தள்ளிவந்தேன். ஸ்பானர் எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் ஒரு பூனை சக்கரத்தில் கால் வைத்து நின்று டிஸ்க்கை நக்கிக்கொண்டிருந்தது. விரட்டினேன். இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது. குனிந்து மோந்து பார்த்தேன். மீன் எண்ணெய்.

மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். போன முறை கப்பலுக்குப் போகும்போது, உப்புக் காற்று அரிக்கக் கூடாது என்று, தோணிக்குப் பூசுகிற எண்ணெயை அண்ணன் முன் சக்கரம் முழுக்கப் பிரஷால் அடித்துவிட்டுப் போனார் என்றாள். பிரேக்குக்கும் சேர்த்து! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அதைவிடச் சந்தோஷம் பெரிது. நோய் தெரிந்துவிட்டது.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைக் கழற்றி, ஆயில் போகும் ஓட்டையில் துணி சுற்றிய சைக்கிள் பம்பை வைத்து அழுத்தினேன். நாலாவது அடியில் பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறந்து தண்ணீர்ப் பானையை உடைத்தது. அவள் திட்டினாள். நான் சந்தோஷத்தில் குதித்தேன்.

உள்ளே ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில் எண்ணெயும் மணலும் உப்பும் சேர்ந்து பிசினாக இறுகியிருந்தன. ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அலுமினியத்த இரும்பால சொரண்டுவியா? அறிவு இன்னா அடமானத்துல கீதா?"

வலை பின்னுகிற தன் மூங்கில் ஊசியைக் கொடுத்தாள். ஒரு கீறல் விழாமல் அத்தனையும் உரிந்து வந்தது.

ரப்பர் வளையம் ஊறி உப்பிப்போயிருந்தது. புதன்கிழமை முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போனேன். பழைய சாமான் கடை ஒவ்வொன்றிலும் பிஸ்டனை நீட்டினேன். சாயங்காலம், ஏதோ காருக்கு வந்த வளையம் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. சட்டைப் பையில் அதைப் போட்டு, மேலே கை வைத்தபடியே ஊர் வரைக்கும் நின்றுகொண்டு வந்தேன்.

எண்ணெய் குடித்திருந்த பிரேக் கட்டைகளை அடுப்புத் தணலில் போட்டேன். நுரை கக்கி எரிந்தன. தெருப் பூனைகள் மொத்தமும் வந்துவிட்டன. பிறகு கட்டைகளை சிமெண்ட் தரையில் தேய்த்தேன், டிஸ்க்கை சோப்புத் தூள் போட்டு மூன்று தடவை கழுவினேன். வியாழக்கிழமை எல்லாவற்றையும் மாட்டி ஆயில் ஊற்றினேன். அவள் பிடியை அழுத்த அழுத்த, நான் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றினேன். கடைசிக் குமிழி போனதும் பிடி அவள் கையில் இறுகியது.

"இப்போ உசுரு வந்துச்சு" என்றாள்.

கோட்டைக்குப்பம் ரோட்டில் ஓட்டிப் பிரேக் போட்டேன். வண்டி மூக்கைக் குத்தி நின்றது. ஆளில்லாத ரோட்டில் தொண்டை கிழியக் கத்தினேன்.

வெள்ளிக்கிழமை மச்சான் தொழுகைக்காக வெள்ளையும் சொள்ளையுமாக வந்து, தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். செத்த பிரேக்கைப் பிடித்துப் பழகிய கை, பழைய பலத்தோடு அழுத்திவிட்டது. வண்டி நின்றது, அவர் நிற்கவில்லை. சேறு சொட்டத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நல்லாத்தான் புடிக்குது. வண்டிய நானே வெச்சிக்கிறேன். உன் கூலி இன்னான்னு சொல்லு."

ஸ்பானரை எடுத்தேன். காலிப்பரைக் கழற்றி மனைவி கையில் கொடுத்தேன்.

"வண்டிய எடுத்துக்கினு போங்க மச்சான். பிரேக் என்னுது."

அவள் உள்ளே போய் அந்த மீன் எண்ணெய் டின்னைக் கொண்டுவந்து சீட்டின் மேல் வைத்தாள்.

"அண்ணே, பிரேக் இருந்த எடத்துல இத்தப் பூசிக்கோ."

தெரு சிரித்தது. அவர் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். தொழுகை முடிந்ததும் தனியாகத் திரும்பி வந்தார்; பிரேக் இல்லாத வண்டி வேண்டாம் என்று தரகர் போய்விட்டாராம். சாவியையும் வண்டிக் காகிதங்களையும் டின் மேல் வைத்துவிட்டு நடந்தார்.

சனிக்கிழமை பிரேக்கை மறுபடி மாட்டி, அவரை அந்த வண்டியிலேயே பொன்னேரி ரயிலுக்கு ஏற்றிப்போனேன். வழியெல்லாம் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். திருப்பாலைவனத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தபோது மட்டும் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மாப்ளே, மெதுவாப் புடி."