சாடிக்குப் பறித்த காட்டுப்பூ

1956 ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. மழை இல்லை; வாடைக் காற்று மட்டும் அடித்தது. தலத்தெருவிலிருந்து தருமபுரம் போகும் வழியில், வாய்க்கால் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கல்யாணமாகி நான்கே மாதமான நான் காட்டுப்பூ பறித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் ஒரு கண்ணாடிப் பூச்சாடி. சைகோனிலிருந்து திரும்பிய என் மனைவியின் பெரியப்பா கல்யாணத்துக்குத் தந்தது. அதில் வைக்கப் பூ வாங்கிவரச் சொன்னாள். தலைக்குப் பூ வாங்கலாம், சாமிக்கு வாங்கலாம், மேசைக்கு எதற்கு என்று கேட்டேன். அவள் பெட்டியோடு அம்பகரத்தூருக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து சொல்லியனுப்பினாள்: "ஞாயித்துக்கிழமை அப்பாவோட வருவேன். சாடியில பூ இருந்தா இருப்பேன். இல்லேன்னா கடைசி பஸ்ஸுல திரும்பிடுவேன்."

கடைப்பூ மறுநாளே வாடிவிடும். வாடுகிற பொருளுக்கு யார் காசு கொடுப்பது? வெயிலில் நின்று பழகிய பூ தாங்கும் என்று கணக்குப் போட்டேன். ஆவாரை பதினேழு கொத்து, தும்பை இருபத்துநான்கு, எருக்கு ஐந்து கிளை. எருக்கை நடுவில் உயரமாக நிறுத்தி, சுற்றிலும் மஞ்சள், விளிம்பில் வெள்ளை வைத்தேன். நாலரைக்குச் சாடி பிரமாதமாக இருந்தது. காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்ததுதான் வினை.

வாடகை கேட்க வந்த வீட்டுக்கார அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஆவாரம்பூவா தம்பி? ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோம்பாங்க. எங்க வீட்டுக்காரருக்குச் சக்கரை, தெரியுமில்ல?"

"அது அலங்காரத்துக்கு வச்சதுங்க..."

"உங்களுக்கு அலங்காரம். அவருக்கு உசுரு!"

பதினேழு கொத்தும் அவர் மடிக்குப் போயின. வாடகை கேட்க மறந்துவிட்டார். அந்த ஒரு லாபம்.

அடுத்து பக்கத்து வீட்டு ஜவுளிக்கடை பாய் எட்டிப் பார்த்தார். "தும்பையா தம்பி அது? வூட்ல அவங்களுக்கு மூணு நாளா மூக்கடைப்பு. போடுற தும்மல்ல ஓடு பேந்துடும் போல இருக்கு. ஒரு பிடி தாங்க."

ஒரு பிடிதான் எடுத்தார். அவர் கை பெரியது.

எஞ்சியது எருக்கு. ஐந்தரைக்கு மாமனார் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார், பின்னால் அவள். அவள் சாடியைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"எருக்கா? வீட்டுக்குள்ளயா? வெளங்கினாப்லதான். வாங்கப்பா, பஸ்ஸுக்குப் போவோம்."

மாமனார் காதில் அது விழவில்லை. கிளையைத் தடவிக்கொண்டிருந்தார். "எல நல்லா தடிப்பா இருக்கே. முட்டிக்கு வதக்கிக் கட்டினா சுகமா இருக்கும். மாப்ளே, அடுப்புல நெருப்பு இருக்கா?"

இருக்கிறதாவது! ஊதி ஊதி உண்டாக்கினேன். விளக்கெண்ணெய் தடவி இலையை வதக்கி, என் வேட்டியைக் கிழித்து இரண்டு முழங்காலிலும் கட்டினேன். அவர் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தார்.

"அப்பா, பஸ்ஸு!"

"போனா போவட்டும். இந்தக் காலு இன்னிக்கு எங்கயும் வராது."

அவள் மொட்டைக் கிளைகளைச் சாடியிலிருந்து பிடுங்கி வாசலில் எறிந்தாள். "அப்பாவுக்கு முட்டி சரியாவுற வரைக்கும்தான் இருப்பேன். காலையில முதல் வேலையா ரோஜா வாங்கிட்டு வாங்க."

வாங்கினேன். தினமும் வாங்கினேன். பதினோராம் நாள் மாமனார் மட்டும் பஸ் ஏறினார்; அவள் சாடிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். ரோஜா, விளக்கெண்ணெய், மாமனாருக்குக் காபி, கிழித்த வேட்டி எல்லாம் சேர்த்துப் பதினோரு ரூபாய் ஆறணா.